சித்தப்பா கையெழுத்து செல்லுமா? மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போய் வந்த கதை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. பெயரும் முகவரியும் போடவில்லை. போடலாமா என்று கேட்டதற்கு அந்த அம்மா சிரித்துவிட்டு, "தம்பி, வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு, 36ஆவது விதி. நீங்க நல்ல எண்ணத்துல எழுதினாலும் நான் சொல்லி எழுதின மாதிரி ஆயிரும், வேண்டாம்" என்றார். ஆகவே அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில், பெண் வக்கீல், வயது ஐம்பத்தைந்து இருக்கும் என்கிற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எதற்குப் போனேன் என்று சொல்லாவிட்டால் இந்த நான்குக்கு அர்த்தம் இல்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு 2 வயது, எங்கள் இருவருக்கும் பிறந்தவள். பெரியவளுக்கு 9 வயது, என் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்தவள். விவாகரத்தாகி, பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பிலும் எழுதி, அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் எங்கள் கல்யாணம். பெரியவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு நாள் அவளாகவே ஆரம்பித்தது. அவளைப் பெற்றவர் திருப்பூரில் இருக்கிறார், தீபாவளிக்கு ஒரு போன் வரும், சில வருடம் அதுவும் வராது.

போன ஆவணியில் பள்ளிக்கூடப் படியில் விழுந்துவிட்டாள். சுளுக்கு என்று நினைத்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன், எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டில் எலும்பு முறிவு. மயக்க மருந்து கொடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். படிவத்தில் "தந்தை / தாய் / பாதுகாவலர்" என்று இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சித்தப்பா" என்றேன், கவுண்டரில் இருந்த பையன் அப்பாவின் தம்பி என்று எடுத்துக்கொண்டான், இல்லை என்று நானே விளக்கம் சொல்லி மாட்டிக்கொண்டேன். என் மனைவி அன்றைக்கு வேலையாகத் தேனி போயிருந்தார். ஆண்டிபட்டி தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவரைப் போனில் பிடித்து, அவர் சம்மதம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அதை உள்ளே கொண்டுபோய்க் காட்டி, எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். உயிர் போகிற ஆபத்து என்றால் கையெழுத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் மணிக்கட்டு முறிந்ததை உயிர் ஆபத்து என்று யார் சொல்வார்கள்?

அடுத்து பள்ளிக்கூடம். கன்னியாகுமரி சுற்றுலாப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேன் காசு வாங்கும்போது மட்டும் நான் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தமிழில் மாற்றாந்தாய் மனப்பான்மை என்று ஒன்று வைத்திருக்கிறோம், பட்ஜெட்டில் நிதி ஒதுக்காவிட்டால்கூட அதைத்தான் எடுத்து வீசுகிறோம். மாற்றாந்தகப்பனைத் திட்டுவதற்குக்கூட ஒரு சொல் கிடையாது. சரி, சட்டத்திலாவது ஏதாவது இருக்குமா என்று பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் போனது வக்கீலிடம் இல்லை. போனில் ஒரு ஆப், 499 ரூபாய் கட்டினால் அரை மணி நேரத்தில் நிபுணர் பதில் தருவார் என்று போட்டிருந்தது. பதில் வந்தது, இருபது நிமிடத்திலேயே வந்தது. நானும் என் மனைவியும் பிள்ளையின் தகப்பனும் சேர்ந்து "பேரன்டல் ரெஸ்பான்சிபிலிட்டி அக்ரிமென்ட்" என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால் எனக்கும் பெற்றோர் பொறுப்பு வந்துவிடும் என்று இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதியிருந்தார்கள். சந்தோஷப்பட்டு அதைப் பிரின்ட் எடுத்து வக்கீல் அம்மாவிடம் பிறகு காட்டியபோதுதான் தெரிந்தது, அது இங்கிலாந்துச் சட்டம். அங்கே 1989ஆம் வருடத்துக் குழந்தைகள் சட்டத்தில் 4ஏ என்று ஒரு பிரிவைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள், அதன்படி தாயைக் கல்யாணம் செய்தவர் இப்படி ஒப்பந்தம் போட்டோ கோர்ட் உத்தரவு வாங்கியோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம், பெற்ற தகப்பனின் பொறுப்பும் அப்படியே இருக்கும். "நல்ல ஏற்பாடுதான், ஆனா நீங்க வில்லாபுரத்துல இருக்கீங்க" என்றார். நம் ஊரில் அப்படி ஒரு படிவமே கிடையாது. அந்த ஆப்புக்கு ஐந்துக்கு அரை, அதுவும் வேகத்துக்காக.

இரண்டாவது, பத்திர எழுத்தர் ஒருவர். மச்சான் கூட்டிப் போனார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை, தத்துப் பத்திரம் எழுதிப் பதிஞ்சிருவோம், எட்டாயிரம் ஆகும், அடுத்த வாரம் நீங்கதான் அப்பா" என்று அவர் சொன்னபோது உண்மையிலேயே மனது நிறைந்துவிட்டது. முன்பணம் கொடுக்கப் பையில் கையை விட்டேன். என் மனைவிதான், "ஏங்க, பிள்ளையைப் பெத்தவர் சம்மதம் வேண்டாமா?" என்று கேட்டார். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று பதில் வந்தது. அந்தப் பார்த்துக்கலாம் பிடிக்காமல் எழுந்து வந்தோம். எட்டாயிரத்தை மிச்சப்படுத்தியது என் மனைவியின் அந்த ஒரு கேள்வி.

இனி வக்கீல் ஆபீஸ். காலையில் அவர் ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளைக்குப் போய்விடுவார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஆபீஸில் ஆள் பார்ப்பார். ஆறு மணி என்று குமாஸ்தா சொன்னார், நாங்கள் உள்ளே போனது ஏழே முக்காலுக்கு. ஒரு மதிப்பெண் போனது இங்கேதான். உட்கார நான்கு நாற்காலி, அதில் ஒன்றில் கேஸ் கட்டு. காற்று இல்லை. சின்னவள் படியில் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள், அவள் பின்னால் நான்.

உள்ளே போனதும் கதை கேட்கவில்லை, காகிதம் கேட்டார். விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் கல்யாணப் பதிவு. மூன்றாவது எங்களிடம் இல்லை. திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டியதும் கோயில் ரசீதை பீரோவில் வைத்ததோடு சரி. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். "தம்பி, நீங்க இந்தப் பிள்ளைக்கு யாருங்கறது அப்புறம். இந்த அம்மாவுக்கு நீங்க யாருன்னு காகிதத்துல முதல்ல வரட்டும்" என்றார். பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு சொன்னதுதான் விஷயம். "சட்டப்படி நீங்க அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல." இப்படியே சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. 1956ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவை எடுத்து மேசையில் திருப்பி வைத்தார். இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய், ஐந்து வயதுக்குள் என்றால் பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும், இதெல்லாம் வரிசையாக இருக்கிறது. கடைசியில் ஒரு விளக்கம்: இந்தப் பிரிவில் தகப்பன், தாய் என்றால் மாற்றாந்தகப்பனும் மாற்றாந்தாயும் அதில் சேர மாட்டார்கள். மறந்துபோய் விட்டது இல்லை, யோசித்து வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் அங்கேயும் தாயைக் கட்டியதாலேயே காப்பாளர் ஆகிவிட முடியாது என்றார்.

என் மனைவி பயந்துவிட்டார். "அவருக்குப் பிறகுன்னா, அவர் இருக்கற வரைக்கும் நானும் இல்லையா மேடம்?" நியாயமான பயம். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தப் "பிறகு" என்ற சொல்லுக்குத் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தம் இல்லை, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கி இருந்தாலும் தாய் காப்பாளராக நடக்கலாம் என்று சொல்லிவிட்டதை விளக்கினார். அந்த வழக்கு ரிசர்வ் வங்கிப் பத்திரத்துக்காகப் போட்டதாம், தாய் கையெழுத்துப் போட்டது செல்லாது என்றதால் வந்த வழக்கு. எங்கள் படிவமும் அதே ஜாதிதான்.

அடுத்த அரை மணி நேரம்தான் காசுக்கு வேலை நடந்தது. ஒரு சட்டம் என்னை வெளியே நிறுத்தினாலும் வேறு சில சட்டங்கள் உள்ளே விட்டிருக்கின்றன, அதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்றார். கல்வி உரிமைச் சட்டம் 2009. அதில் பெற்றோர் என்பதற்கு விளக்கம் கொடுக்கும்போது பெற்ற, தத்தெடுத்த தகப்பன் தாயோடு மாற்றாந்தகப்பன், மாற்றாந்தாய் என்றும் வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். 6 முதல் 14 வயது வரைக்கும் உள்ள பிள்ளையின் பள்ளி விவகாரத்தில் நான் பெற்றோர்தான்! அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். அது சுற்றுலாவுக்குச் சம்மதிக்க வைக்கும் சட்டம் இல்லை, ஆனால் பள்ளிக்கூடம் உங்களை யாரோ என்று சொல்ல முடியாது, அவ்வளவுக்குப் போதும் என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 89. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதன் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வதற்குக் காப்பாளரோ, "சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரோ" சம்மதம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அந்த வேறொருவர் நான்தான் என்று காட்ட என் மனைவி கையெழுத்திட்ட ஒரு பொறுப்புக் கடிதம் போதும்: நான் ஊரில் இல்லாத நேரத்தில் என் கணவர் இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார், சிகிச்சைக்குச் சம்மதம் தரவும் பள்ளியிலிருந்து அழைத்து வரவும் அவருக்கு என் அனுமதி உண்டு, இதுதான் சாரம். தாயின் உரிமையை எனக்கு மாற்றிக் கொடுக்கும் காகிதம் இல்லை இது, எப்போது வேண்டுமானாலும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரி போட்டு, மூன்று பிரதி. ஒன்று என் வண்டி சீட்டுக்கு அடியில் ஆர்சி புக்கோடு கிடக்கிறது.

கடைசியாக ஒன்று சொன்னார், சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2007ஆம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்திலும் பெற்றோர் என்றால் மாற்றாந்தகப்பனும் மாற்றாந்தாயும் சேர்த்தி. அதில் மாதம் பத்தாயிரம் வரை பராமரிப்பு கேட்கலாம். அதாவது பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நான் ஒன்றுமே இல்லை, எனக்குச் சோறு ஊட்ட வேண்டிய காலத்தில் நான் பெற்றோர். இவளை வளர்க்கும் சட்டக் கடமையும் எனக்குக் கிடையாது. அது இன்றைக்கும் திருப்பூர்க்காரருக்குத்தான், தாய் மறுமணம் செய்ததால் அது போய்விடாது, ஜீவனாம்சம் கேட்க வேண்டுமானால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. கேட்கப் போவதில்லை என்று என் மனைவி சொல்லிவிட்டார். வக்கீல் அம்மா வற்புறுத்தவில்லை, "கேக்கலைங்கறது உங்க இஷ்டம், ஆனா அது பிள்ளையோட காசு, உங்களோடது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த வார்த்தை வீட்டில் இன்னும் கிடக்கிறது.

இனி கஷ்டமான பகுதி. நானே கேட்கத் தயங்கியதை அவரே எடுத்தார். "உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா பிள்ளை யார்கிட்ட போகும், யோசிச்சிருக்கீங்களாம்மா?" யோசிக்கவில்லை. பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போது முதல் உரிமை அவருக்கு. நான் குடும்ப நீதிமன்றத்தில் 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டப்படி மனுப் போட்டு, பிள்ளையின் நலனுக்கு என் வீடுதான் நல்லது என்று நிரூபிக்க வேண்டும். நலன்தான் முதலில் என்று 1956 சட்டத்தின் 13ஆவது பிரிவும் சொல்கிறது, அதனால் கதவு அடைத்திருக்கவில்லை, ஆனால் தள்ளித் திறக்க வேண்டியது நான். அந்த 1890 சட்டத்தின் 17ஆவது பிரிவில் கோர்ட் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. இறந்துபோன தாயோ தகப்பனோ என்ன விரும்பினார்கள் என்பது அதில் ஒன்று. மனுப் போடுகிறவருக்கும் பிள்ளைக்கும் இதுவரை இருந்த உறவு இன்னொன்று. பிள்ளை விவரம் தெரிந்த வயதில் இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம்.

அதனால் இரண்டு வேலை சொன்னார். ஒன்று, என் மனைவி ஓர் உயிலில் தன் விருப்பத்தை எழுதி வைப்பது. பெற்றவர் இருக்கும்போது அது கோர்ட்டைக் கட்டிப்போடாது, ஆனால் கோர்ட் படித்துப் பார்த்தே ஆக வேண்டிய காகிதம். இரண்டு, ரசீது. "ஸ்கூல் பீஸ், வேன், டாக்டர் சீட்டு, ஊசி போட்ட அட்டை, ஆண்டு விழா போட்டோ, எதையும் தூக்கிப் போடாதீங்க. பாசத்தைக் கோர்ட்ல கொண்டுவந்து வைக்க முடியாது தம்பி, ரசீதைத்தான் வைக்க முடியும்." நான்கு வருட ரசீது கடையில் பழைய ஆயில் டப்பாவுக்குள் எப்படியோ பாதி மிச்சம் இருந்தது. இப்போது ஒரு பைல் போட்டிருக்கிறேன்.

என் உயிலும் பேச்சில் வந்தது. வாரிசு சட்டப்படி பெரியவளுக்கு என் சொத்தில் பங்கு கிடையாது, சின்னவளுக்கு உண்டு. நான் எழுதி வைத்தால்தான் பெரியவளுக்கும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

தத்து விஷயத்தில்தான் இவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. பத்திர எழுத்தர் சொன்னதைச் சொன்னேன். "உங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்குல்ல?" என்று கேட்டார். இந்துத் தத்தெடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, உயிரோடு ஒரு மகள் இருக்கிறவர் இன்னொரு பெண்ணைத் தத்தெடுக்க முடியாது. போதாததற்குப் பெற்ற தகப்பனின் சம்மதமும் வேண்டும். அந்தப் பத்திரத்தைப் பதிந்திருந்தாலும் அது எழுதும்போதே செல்லாக்காசு. பத்து வருடம் கழித்து, பெரியவளுக்கு அது தேவைப்படும் நாளில்தான் எங்களுக்குத் தெரிய வந்திருக்கும்.

வேறு வழி உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, அதன் கீழ் வந்த 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறை, அதில் மாற்றாந்தகப்பன் தத்தெடுக்கத் தனி இடம் இருக்கிறது. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும், பெற்றவரின் சம்மதம் வேண்டும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பார்க்கும், 2022 செப்டம்பர் முதல் உத்தரவு போடுகிறவர் கோர்ட் இல்லை, கலெக்டர். பிள்ளையின் விருப்பத்தையும் அதன் வயதுக்கு ஏற்றபடி கேட்டே ஆக வேண்டும். எனக்கு வாய் காது வரை போய்விட்டது. சரி மேடம், போட்டுருவோம் என்றேன்.

"இருங்க. பிள்ளைக்கு அப்பத்தா இருக்காங்களா?"

இருக்கிறார். வாடிப்பட்டியில். மகன் வருகிறாரோ இல்லையோ, அந்தக் கிழவி மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து பெரியவளுக்கு அதிரசமும் சீடையும் கொடுத்துவிட்டுப் போவார், சின்னவளுக்கும் சேர்த்தே கொண்டுவருவார். தத்து முடிந்துவிட்டால் சட்டப்படி அந்தப் பக்கத்து உறவு அறுந்துவிடும், தகப்பன் வழியில் நாளைக்கு வரக்கூடிய சொத்துரிமையும் போய்விடும், அந்தக் கிழவி காகிதத்தில் பிள்ளைக்கு யாரோ ஆகிவிடுவார் என்றார். "இப்ப நீங்க நிக்கிற இடத்துல அவங்கள நிறுத்தணுமான்னு யோசிச்சுட்டு வாங்க. அவசரமில்ல, பதினெட்டு வயசு வரைக்கும் நேரம் இருக்கு." தத்து மனுவுக்கு அவர் பீஸ் எவ்வளவு என்று குமாஸ்தா ஏற்கனவே சொல்லியிருந்தார். அந்தப் பணத்தை வேண்டாம் என்று எங்களைத் திருப்பி அனுப்பினார். வீட்டில் பேசி, இப்போதைக்குத் தத்து வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு என்ன என்று நண்பன் ஒருவனுக்காகக் கேட்டேன். உங்களுக்கே இவ்வளவுதான், அவர்களுக்கு இதிலும் கம்மி என்றார். தம்பதியாகச் சேர்ந்து தத்தெடுக்க முடியாது. தனி ஆளாக விண்ணப்பிக்கலாம் என்றால், தனி ஆண் ஒருவர், பெண் குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டம் விடாது. ஆனால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் கல்யாணம் போன்ற உறவையும் கணக்கில் எடுக்கிறது, அதில் குழந்தை என்றால் மாற்றான் பிள்ளையும் சேரும். பிள்ளையை அடித்தால் கேட்கச் சட்டம் இருக்கிறது, வளர்த்தால் கேட்க இல்லை. இது என் வார்த்தை, அவர் சொன்னதில்லை.

எழுந்திருக்கும்போது இன்னொன்று சொன்னார், இது பெண் பிள்ளை வைத்திருக்கும் எல்லோருக்கும்: செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பிள்ளைக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும், தாயோ தகப்பனோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்கலாம், என்னால் முடியாது. பெரியவளுக்கு நான்கு மாதம்தான் பாக்கி இருந்தது. மறுநாளே என் மனைவி போஸ்ட் ஆபீஸில் 250 ரூபாய் கட்டித் தொடங்கிவிட்டார்.

காசு: முதல் நாள் ஆலோசனைக்கு 1000. கடிதமும் நோட்டரியும் சேர்ந்து 1200. உயில் இரண்டும் சேர்த்து 4000, இன்னும் வரைவில்தான் இருக்கிறது. ஜூனியர் பையன் அடித்த முதல் பிரதியில் பிள்ளையின் இனிஷியலுக்கு என் இனிஷியலைப் போட்டுவிட்டான். பிழைதான், திருத்தி வாங்கினோம், ஆனால் ஒரு நிமிடம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணம் கட்டிய பிறகு அவரே சொன்ன தகவல்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போனில் கேட்க 15100. மனைவி பெயரில் போங்கள், உங்கள் பெயரில் போகாதீர்கள். என்னைப் போலப் பணம் கட்டிவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் ஜெராக்ஸையும் கடிதத்தையும் கொடுத்தேன். தலைமை ஆசிரியை இரண்டு முறை படித்தார், ஸ்டேப்ளர் எடுத்து அட்மிஷன் பாரத்தோடு சேர்த்து அடித்தார், "இதை முதல்லயே கொண்டுவந்திருக்கலாமே சார்" என்றார். உறவுமுறை என்ற இடத்தில் வக்கீல் அம்மா சொல்லிக்கொடுத்தபடி "தாயின் கணவர்" என்று எழுதினேன். கன்னியாகுமரி போய் வந்தாயிற்று.

போகிறவர்களுக்கு: ஆறு மணி என்றால் ஏழு மணிக்குப் போங்கள், குமாஸ்தாவுக்கு முதலில் போன் போடுங்கள், அசலோடு இரண்டு நகல் எடுத்துப் போங்கள், வண்டியை டீக்கடைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். மூன்றாவது முறை போனபோது பெரியவளையும் கூட்டிப் போனோம். காத்திருந்த ஒன்றேகால் மணி நேரத்தில் வீட்டுப்பாடம் மொத்தத்தையும் கேஸ் கட்டு நாற்காலியில் வைத்து எழுதி முடித்துவிட்டாள்.